நாற்பது நிமிடத் தாய்

ஹவுன்ஸ்லோவில் பத்மநாதன் வீட்டுப் படிக்கட்டின் மேலே ஒரு சின்ன அறை இருக்கிறது. கட்டிலைப் போட்டால் கதவு முழுதாகத் திறக்காது. சுசிலா அந்த அறையில் பதின்மூன்று வருடமாக இருக்கிறாள். வேலை செய்ய அவளுக்கு அனுமதி இல்லை என்று அரசாங்கம் எழுதிக் கொடுத்திருக்கிறது. அந்தக் கடிதத்தைப் படித்தவர்கள் அந்த வீட்டுச் சமையலறையையும் ஒருமுறை வந்து பார்த்திருக்கலாம். பத்மநாதன் விமான நிலையத்தில் பொதி ஏற்றுகிறவர். ஷிப்ட் மாறும் நாட்களில் அவருக்கு எத்தனை மணிக்குச் சோறு, எத்தனை மணிக்குப் புட்டு என்பது அவருடைய மனைவிக்கே தெரியாது, சுசிலாவுக்குத்தான் தெரியும். அந்த வீட்டில் ஒருவரும் அவளைக் கடிந்ததில்லை, போ என்று சொன்னதுமில்லை. அதைச் சொல்வதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள்.

அவளுடைய அகதி விண்ணப்பத்துக்கு மூன்றாவது மறுப்புக் கடிதம் தை மாதம் வந்தது. பதினேழு பக்கம். குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் நேர்காணல் செய்தபோது அவள் சொன்ன ஒவ்வொன்றையும் எடுத்து, இதையும் நாங்கள் ஏற்கவில்லை, இதையும் ஏற்கவில்லை என்று அழகான ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். முதுகில் இருக்கும் தழும்புகள் வேறு விதமாகவும் வந்திருக்கலாமாம். இயக்கத்தின் படப்பிரிவில் வேலை செய்தேன், அதனால்தான் சண்டை முடிந்த பிறகு பிடித்து வைத்து அடித்தார்கள் என்று சொல்கிறீர்கள், ஆனால் எந்தப் படத்திலும் உங்கள் பெயர் இல்லையே என்று கேட்டிருந்தார்கள். அந்தப் படங்களில் யாருடைய பெயர்தான் இருந்தது? பெயர் போடுவது அங்கே வழக்கமில்லை. சொந்தப் பெயரை வெளியே சொல்வதே வழக்கமில்லை. அன்றைக்கு உயிரைக் காப்பாற்றிய அந்த வழக்கம் இன்றைக்கு அவளுடைய கழுத்தை இறுக்கியது.

இனி ஒரே ஒரு மேல்முறையீடுதான் மிச்சம். பங்குனி பத்தொன்பதாம் திகதி. அதிலும் தோற்றால் விமானம்தான். விமானம் போய் இறங்குகிற இடத்தில் யார் காத்திருப்பார்கள் என்பது சுசிலாவுக்குத் தெரியும், அவர்களில் ஒருவனுடைய மோதிரம்கூட அவளுக்கு ஞாபகம் இருந்தது. இரவில் தூங்குவதை அவள் ஏறக்குறைய விட்டுவிட்டாள். பகலில் வெங்காயம் வெட்டும்போது அழுதால் ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்பதால் அந்த வீட்டில் அந்த மாதம் எல்லாக் கறியிலும் வெங்காயம் கூடிப்போனது.

அப்போதுதான் பத்மநாதனின் மகள் ஜதுர்ஷிகா தன் கைபேசியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் வந்தாள். யாரோ ஒரு புண்ணியவான் கனடாவிலிருந்து பழைய ஒளிநாடா ஒன்றைப் பதிவேற்றியிருந்தான். கறுப்பு வெள்ளைப் படம், புழுதி பறக்கிற மாதிரிக் கோடுகள், ஓடுகிற ரயில். அதற்கு மேல் ஒரு பெண் குரல், தமிழில்.

“அன்ரி, இஸ் திஸ் யூ?”

சுசிலா கத்தியைக் கீழே வைத்தாள். முப்பத்து மூன்று வருடம் கழித்து அந்தக் குரலைக் கேட்கிறாள். என்ன தெளிவு, என்ன திமிர். அவளுக்குத் தன் கன்னத்தில் தானே அறைய வேண்டும் போல இருந்தது.

படம் ரஷ்யாவில் எடுத்தது. புரட்சி முடிந்த சூடு ஆறமுன்னம் எடுத்த பேசாப் படம். தொண்ணூற்றிரண்டில் கொழும்பிலிருந்து கோதுமை மாப்பெட்டிக்குள் ஒளித்து யாழ்ப்பாணம் வந்தது. கூடவே, படத்தில் இடையிடையே வருகிற எழுத்துகளை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த நான்கு தாள்களும் வந்தன. சுசிலாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஆங்கிலம் தெரியும், தமிழ் நன்றாக எழுதுவாள், குரலும் எடுப்பாக இருக்கும். மொழிபெயர்ப்பு, வசனம், குரல் மூன்றையும் சேர்த்துப் படப்பிரிவில் அவளிடம் கொடுத்துவிட்டார்கள்.

அந்தப் படத்தைப் பத்துத் தடவை பார்த்ததும் அவளுக்கு அதன் சூட்சுமம் பிடிபட்டது. எதிரி அதிகாரிகளின் முகத்தைக் காட்டவே மாட்டார்கள். கொழுத்த கழுத்து, பளபளக்கும் சப்பாத்து, இறைச்சியைக் கிழிக்கிற கை, அவ்வளவுதான். தொழிலாளிகளைக் கீழே இருந்து எடுத்திருப்பார்கள், ஒவ்வொருவன் தலைக்குப் பின்னாலும் வானம் இருக்கும். கூட்டம் தடுமாறுகிற இடத்திலெல்லாம் தோல் அங்கி போட்ட கட்சிக்காரன் ஒருவன் வந்து கையை நீட்டுவான், கூட்டம் அந்தப் பக்கம் திரும்பும். இதெல்லாம் மேலோட்டம். உண்மையான வேலையைச் செய்தது படத்தில் வருகிற ஒரு தாய்தான். மகன் போர்முனைக்கு ரயில் ஏறும்போது அவள் ரயிலோடு சேர்ந்து ஓடுவாள். “போகாதே. எனக்கு நீ ஒருவன்தான்” என்று எழுத்து வரும். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, பழைய காலத்து மனிசி என்று படம் அவளைக் கொஞ்சம் இரக்கமாகப் பார்க்கும். பிறகு மெல்ல மெல்ல அவளை மாற்றும். மகன் செத்துப்போவான். அவள் பசி பார்ப்பாள், சப்பாத்துகளைப் பார்ப்பாள். முடிவில் அதே தண்டவாளத்தில் நின்று மற்றவர்களின் பிள்ளைகளைக் கையசைத்து அனுப்பி வைப்பாள். பார்த்துக்கொண்டிருக்கிற தாய்மாரும் அவளோடு சேர்ந்து தங்களுக்குத் தெரியாமலே மாறிவிடுவார்கள். அதற்கு ஒன்றேகால் மணித்தியாலம் எடுத்தது.

யாழ்ப்பாணத்தில் ஒன்றேகால் மணித்தியாலம் இல்லை. மின்சாரம் கிடையாது, எண்ணெய்க்குத் தடை. பள்ளிக்கூட மைதானத்தில் ஜெனரேட்டர் வைத்துத் தொலைக்காட்சிப் பெட்டியில்தான் படம் போடுவார்கள். ஒரு காட்சிக்கு ஒதுக்கிய மண்ணெண்ணெய் நாற்பது நிமிடத்துக்குத்தான் காணும். ஆகவே படத்தை வெட்டினார்கள். தாய் மாறுகிற பின்பாதி முழுவதும் போயிற்று. ரயில் ஓடுகிற காட்சியோடு படம் முடிய வேண்டும். அந்த இடத்தில் தாய் போகாதே என்று கத்தினால் எப்படி முடிப்பது?

சுசிலாதான் யோசனை சொன்னாள். யாரும் கட்டளை இடவில்லை, அவளாகத்தான் எழுதினாள். பேசாப் படம்தானே, வாய் அசைகிறது, சத்தம் இல்லை, என்ன சொல்கிறாள் என்று யார் கண்டது? “போ மகனே. உன்னை நான் பெற்றது எனக்காக மட்டுமல்ல.” ரஷ்யாக்காரன்கூட அந்தத் தாய்க்கு ஒன்றேகால் மணித்தியாலம் அவகாசம் கொடுத்தான். சுசிலா ஒரு நொடிகூடக் கொடுக்கவில்லை. படத்தில் அந்தத் தாய் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டேதான் ஓடினாள், குரல் மட்டும் போ என்றது. பார்த்தவர்கள் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

“எனக்கு இது போதாதும்மா” என்றார் ரஞ்சனா. அவர் சுசிலாவின் வழக்கறிஞர், மதுரைப் பக்கத்தவர், முப்பத்தெட்டு வயது. ஹெட்போன் மாட்டி அந்த ஒளிநாடாவை இரண்டு தடவை கேட்டிருந்தார். “இது இருபத்திரண்டு வயசுக் குரல். உங்க குரல்தான்னு யார் சொல்லுவா? அந்தக் காலத்துல உங்களை அங்க நேர்ல பார்த்த ஒருத்தர் வேணும். உங்க சொந்தக்காரங்களா இருக்கக் கூடாது, சிநேகிதங்களாவும் இருக்கக் கூடாது. யாராவது இருக்காங்களா?”

“ஒருத்தர் இருக்கிறா.”

“நல்லதாப் போச்சு. ஆனா ஒண்ணு, சுசிலாம்மா. நீங்க குரல் கொடுத்தவங்கன்னு நிரூபிக்கணும், அதோட நிறுத்திக்கணும். உங்களால ஒரு சின்னப் பிள்ளை படைக்குப் போச்சுன்னு அங்க பேச்சு வந்துச்சுன்னா முடிஞ்சது. அப்ப உங்களை நம்புவாங்க, நம்பிட்டே கதவைச் சாத்திடுவாங்க. பிள்ளைங்களைச் சேர்த்துவிட்டவங்களுக்குப் பாதுகாப்புத் தரமாட்டாங்க. புரியுதா?”

“ஓம், மிஸ்.”

“அந்தம்மாவுக்கு உங்களை எப்படித் தெரியும்?”

“ஒருக்கா எங்கட அலுவலகத்துக்கு வந்தவ.”

அது பொய் இல்லை. வந்தவர்தான்.

அப்படி வந்தவர் கனகாம்பிகை. அவருடைய மகள் கௌசிக்கு அப்போது பதினைந்து வயது. மைதானத்தில் படம் பார்த்த இரண்டாம் நாள் பள்ளிக்கூடப் பையை வீட்டில் வைத்துவிட்டு இயக்கத்துக்குப் போய்விட்டாள். எங்கே தேடுவதென்று தெரியாமல் தாய் படம் போட்ட ஆட்களைத் தேடி வந்தார். உள்ளே யாரோ பேசிக்கொண்டிருந்த குரலைக் கேட்டதும், படத்தில் வந்த தாயின் குரல் இவளுடையதுதான் என்று பிடித்துவிட்டார். காலில் விழுந்தார். “நீ சொன்னால் கேட்பாள் பிள்ளை, திரும்பி வா எண்டு ஒரு சொல்லுச் சொல்லு” என்று அழுதார். சுசிலா அவரைத் தூக்கி நிறுத்தினாள். பிறகு, படத்துக்குக் கொடுத்த அதே குரலில், “அந்தப் படத்தில வாற தாயைப் பாத்தனீங்கள்தானே அம்மா. அப்பிடி இருங்கோ” என்றாள்.

கௌசி திரும்பி வரவில்லை. உடலும் வரவில்லை.

நான்கு வருடத்துக்கு முன், நகரத்தின் மறுகோடியில் இருக்கிற எட்மண்டனில் ஒரு செத்த வீட்டு அந்தியேட்டிக்குச் சமைக்கப் போன இடத்தில், பந்தியில் நின்று “ஆருக்கு இன்னும் சோறு?” என்று சுசிலா கேட்டாள். மூன்றாவது கதிரையில் இருந்த மூதாட்டி ஒருவர் பிசைந்த கையை அப்படியே நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். முகத்தைப் பார்த்ததும் சுசிலாவுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது, கௌசியின் தாய். சோற்றுச் சட்டியை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டுப் பின்வாசலால் வெளியே வந்து, குளிரில் மேலங்கியும் இல்லாமல் பஸ் ஏறினாள். அதற்குப் பிறகு எட்மண்டன் பக்கம் என்று யார் கூப்பிட்டாலும் அவளுக்குத் தலையிடி வந்துவிடும்.

இப்போது அந்தியேட்டி வீட்டாரிடம் விலாசம் கேட்டு, யாரும் கூப்பிடாமல் அவளே போனாள். பிக்கடிலி ரயிலில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். என்ன சொல்வது என்று வழிநெடுக ஒத்திகை பார்த்தாள். உங்கட பிள்ளையைப் போருக்குத் தின்னக் கொடுத்தவள் நான், என்னைக் காப்பாற்ற வந்து சாட்சி சொல்லுங்கோ. எப்படிச் சுற்றி வளைத்தாலும் விஷயம் இவ்வளவுதான். வெட்கம் கெட்ட வேலை என்று அவளுக்கே தெரிந்தது. ஆனால் அந்த மோதிரக் கையை நினைத்தால் வெட்கமெல்லாம் ஓடி ஒளிந்துகொண்டது.

மூன்றாம் மாடி, நகரசபை கொடுத்த கவுன்சில் வீடு. கனகாம்பிகையே கதவைத் திறந்தார். எழுபத்தாறு வயது, ஊன்றுகோல்.

“வா. அண்டைக்கு ஓடினனீ, என்னெண்டாலும் ஒரு நாளைக்கு வருவாய் எண்டு தெரியும்.”

சுசிலா ஒத்திகை பார்த்ததெல்லாம் போயிற்று. அப்படியே குனிந்து காலைத் தொடப் போனாள்.

“எழும்பு. நான் உன்ர காலில விழுந்ததே போதும். என்ன வேணும், அதைச் சொல்லு.”

சொன்னாள். கடிதம், விமானம், பங்குனி பத்தொன்பது, எல்லாம் ஒரே மூச்சில். வழக்கறிஞர் எதைச் சொல்ல வேண்டாம் என்றார் என்பதையும் சொன்னாள். அதை மறைக்க அவளுக்கு அந்த வீட்டில் மனம் வரவில்லை. கனகாம்பிகை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார். முடிந்த பிறகு அவர் கேட்டது வேறொன்று.

“படத்தில அந்த மனிசி தலையை ஆட்டினவ. நான் பாத்தனான். உண்மையா அவ என்ன சொன்னவ?”

“போகாதே எண்டு.” சுசிலா மிச்சத்தையும் சொன்னாள். “எனக்கு நீ ஒருவன்தான் எண்டு.”

“அப்ப ஏன் மாத்தினனீ?”

எத்தனையோ பெரிய பதில்கள் இருந்தன. இனம், மண், காலம், எல்லாரும் அப்படித்தான் இருந்தோம் என்பது. அவர் முன்னால் நின்று அவற்றில் ஒன்றையும் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

“மண்ணெண்ணெய் காணாதம்மா. நாப்பது நிமிசத்துக்குள்ள படத்தை முடிக்கோணும்.”

கனகாம்பிகை ஊன்றுகோலைச் சுவரில் சாத்தினார்.

“வாறன். உன்ர வழக்குப் பேசுற அப்புக்காத்து எழுதித் தாறதில, இவளைத் தெரியும், இவளின்ர குரல்தான் எண்டு மட்டும் எண்டால் கையெழுத்து வைக்கிறன். ஆனால் அங்க வந்து என்ன சொல்லுவன் எண்டு என்னைக் கேளாதை. எனக்கு ஏலாது உனக்கு வாக்குத் தர.”

சாட்சி கிடைத்துவிட்டார் என்று ரஞ்சனா சந்தோஷப்பட்டார். சுசிலா அவரிடம் மிச்சத்தைச் சொல்லவில்லை. சொன்னால் அந்தச் சாட்சி வேண்டாம் என்று விடுவார், சாட்சி இல்லாவிட்டால் விமானம். சாட்சி வாயைத் திறந்தாலும் விமானம். எந்தப் பக்கம் புரண்டு படுத்தாலும் அந்தச் சின்ன அறையில் சுவர்தான் இடித்தது.

பங்குனி பத்தொன்பது மழை. விசாரணை அறை பள்ளிக்கூட வகுப்பறை அளவுதான் இருந்தது. நீதிபதி நரைத்த முடியுள்ள பெண், எல்லாவற்றையும் பேனாவால் எழுதிக்கொண்டார். மொழிபெயர்க்க வந்தவர் பெயர் றஜீவன். நாற்பது வயதிருக்கும், நேர்த்தியான கோட்டு. மொழிபெயர்ப்பாளர்கள் சாட்சியாகவே பேச வேண்டும் என்பது அங்கே விதி. சாட்சி நான் என்றால் அவரும் நான் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒளிநாடாவைப் போட்டார்கள். ரயில் ஓடியது, குரல் வந்தது. இது யார் குரல் என்று ரஞ்சனா கேட்டார். கனகாம்பிகை ஊன்றுகோலைத் தூக்கிச் சுசிலாவைக் காட்டினார். நேரில் கேட்டிருக்கிறீர்களா? ஓம். எங்கே? அவர்களின் அலுவலகத்தில். சரியாக மூன்று கேள்வி. ரஞ்சனா நன்றி சொல்லி உட்கார்ந்தார்.

அரசுத் தரப்பு அலுவலர் எழுந்தார். களைத்துப்போன இளம் மனிதர், அன்றைக்கு அவருக்கு அது மூன்றாவது வழக்கு. “சொந்தமும் இல்லை, நட்பும் இல்லை. இந்த மழையில் இவ்வளவு தூரம் இவருக்காக ஏன் வந்தீர்கள்?”

றஜீவன் தமிழில் கேட்டார். கனகாம்பிகை நீதிபதியைப் பார்த்துத்தான் பேசினார். குரல் உயரவில்லை.

“இவளுக்காக நான் வரேல்லை. என்ர பிள்ளைக்குப் பதினைஞ்சு வயது. படத்தில இவள் போ எண்டு சொன்னதைக் கேட்டுத்தான் போனவள். நான் போய் இவளின்ர காலில விழுந்தனான். படத்தில வாற தாயைப் போல இருங்கோ எண்டு சொல்லி அனுப்பினவள். இவளை நான் மன்னிக்கேல்லை, மன்னிக்கவும் மாட்டன். ஆனால் அங்க அனுப்பாதேங்கோ. அங்க போனால் கொண்டு போடுவாங்கள், அதோட இவளுக்கு எல்லாம் முடிஞ்சுது. இவள் இஞ்ச இருக்கோணும். இருந்து, நான் யோசிக்கிறதை ஒவ்வொரு நாளும் இவளும் யோசிக்கோணும்.”

ரஞ்சனாவின் பேனா நின்றுவிட்டது. தமிழ் தெரிந்தவர்கள் அந்த அறையில் நான்கே பேர். நான்கு பேருக்கும் என்ன நடந்தது என்று தெரியும்.

றஜீவன் தண்ணீர் ஒரு மிடறு குடித்தார். சுசிலாவை ஒருமுறை பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்:

“நான் என் மகளைப் போரில் இழந்தவள். இவரை அந்தக் காலத்திலிருந்து தெரியும். திருப்பி அனுப்பினால் இவரைக் கொன்றுவிடுவார்கள். தயவுசெய்து இங்கேயே இருக்க விடுங்கள்.”

நல்ல மனிதர். அவருடைய மாமனோ மச்சானோ இப்படியொரு கதிரையில் இருந்திருப்பான். ஒருத்தியைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் நினைத்தார். இருபத்திரண்டு வயதில் சுசிலாவும் நல்லது செய்வதாகத்தான் நினைத்தாள்.

அரசுத் தரப்பு அலுவலர் வேறு கேள்வி இல்லை என்றார். நீதிபதியின் முகம்கூடக் கொஞ்சம் இளகியிருந்தது. சுசிலாவுக்கு உள்ளங்கால் வரை ஒரு குளிர்ச்சி இறங்கியது. முடிந்தது. தப்பிவிட்டாள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், பதின்மூன்று வருடக் காத்திருப்புக்கு ஒரு கடிதம் வரும், அதில் ஏற்றுக்கொள்கிறோம் என்று இருக்கும். இறுகியிருந்த அவளுடைய கைகள் தாமாகவே விரிந்தன.

அப்போது அவள் கனகாம்பிகையைப் பார்த்தாள். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நீதிபதியின் பேனா ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்து மூன்று வருடமாக வைத்திருந்ததைச் சொல்லியாயிற்று, அதை ஒரு நீதிபதி எழுதுகிறார் என்ற நிம்மதி அந்த முகத்தில் இருந்தது. தோள்கள் தளர்ந்திருந்தன. அந்தத் தாளில் ஏறியது வேறு யாரோ ஒரு தாய் என்பது அவருக்குத் தெரியாது.

சுசிலா எழுந்து நின்றாள்.

“உக்காருங்க” என்று ரஞ்சனா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அவளுடைய கையைப் பிடித்து இழுத்தார். “சுசிலாம்மா, கெஞ்சிக் கேக்கிறேன். உக்காருங்க.”

நீதிபதி நிமிர்ந்தார். மொழிபெயர்ப்பில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார்.

“அந்த அம்மா சொன்னது அது இல்லை” என்று சுசிலா ஆங்கிலத்தில் சொன்னாள். “விட்டுப்போச்சு.”

றஜீவன் தலையைக் குனிந்துகொண்டார். அப்படியானால் சாட்சி என்ன சொன்னார் என்று நீதிபதி கேட்டுவிட்டு, புதிய தாள் ஒன்றை எடுத்தார். ரஞ்சனாவின் பிடி விட்டது. சுசிலா மேசையைப் பிடித்துக்கொண்டாள். அங்கத்தைய விதிப்படி, தாயாகவே நின்றுதான் அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

“இவளுக்காக நான் வரவில்லை” என்று தொடங்கினாள். “என் பிள்ளைக்குப் பதினைந்து வயது.”

மெதுவாக, நீதிபதி எழுதுவதற்கு இடம் விட்டு, ஒன்றையும் கூட்டாமல் ஒன்றையும் குறைக்காமல் சொல்லிக்கொண்டே போனாள். மன்னிக்கவும் மாட்டேன் என்ற இடத்தில் குரல் உடைந்தது. அதை நீதிபதி திரும்பக் கேட்டார், அவள் இன்னொரு தடவை சொன்னாள்.